கோள்களின் பெயருக்கு முன்னால் ஒரு நிழல்

ஆறு வயதுப் பிள்ளையிடம் கோள்களின் பெயரைக் கேட்டால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடும். சனிக்கு வளையம் உண்டு, வியாழன்தான் எல்லாவற்றிலும் பெரியது, செவ்வாய் சிவப்பு என்பதும் அதற்குத் தெரிந்திருக்கும். பெற்றோருக்குப் பெருமையாக இருக்கும், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அன்று மாலையே அந்தப் பிள்ளையை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய், மேற்கே பளிச்சென்று தெரியும் வெள்ளியைக் காட்டி, இது என்ன என்று கேட்டால் நட்சத்திரம் என்றோ ஏரோப்ளேன் என்றோதான் பெரும்பாலும் பதில் வரும். புத்தகத்தில் இருக்கும் வெள்ளி வேறு, வானத்தில் இருக்கும் வெள்ளி வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. சூரியக் குடும்பத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் நாம் தவறவிடுவது இந்த இணைப்பைத்தான். பாடப்புத்தகத்துச் சூரியக் குடும்பப் படத்தில் இருப்பது எந்த மனிதரும் நேரில் கண்டிராத காட்சி. எல்லாக் கோள்களுக்கும் வெளியே, வெகு தொலைவில் நின்று பார்ப்பதாகக் கற்பனை செய்து வரைந்தது அது. பிள்ளையோ பூமியில், பள்ளி மைதானத்தில், வெயிலில் நிற்கிறது. அது நிற்கும் இடத்திலிருந்து தொடங்கி அந்தப் படத்துக்கு அழைத்துச் செல்வதுதான் கற்பித்தல். படத்தை முதலில் கையில் கொடுத்துவிட்டு, வானத்தைக் காட்டாமலே விட்டுவிட்டால், பிள்ளையின் மனதில் ஒன்றோடொன்று பேசாத இரண்டு உலகங்கள் தங்கிவிடுகின்றன.

இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டெல்லா வொஸ்னியாடூ, வில்லியம் புரூவர் என்ற இரு உளவியலாளர்கள் ஒன்று, மூன்று, ஐந்தாம் வகுப்புகளில் படித்த 60 பிள்ளைகளிடம் பூமியைப் பற்றி விரிவாகக் கேட்டு, 1992இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பூமி என்ன வடிவம் என்று கேட்டால் பிள்ளைகள் பெரும்பாலும் உருண்டை என்றே சொன்னார்கள். அங்கேயே நிறுத்தியிருந்தால் அனைவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. நேராக நடந்துகொண்டே போனால் எங்கே போய்ச் சேருவோம், பூமிக்கு முனை இருக்கிறதா, அதிலிருந்து விழ முடியுமா, மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தொடர்ந்து கேட்டார்கள். அப்போதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. சில பிள்ளைகளுக்குப் பூமி வட்டமான தட்டு. சிலருக்கு இரண்டு பூமிகள்: நாம் நிற்கும் தட்டையான தரை ஒன்று, வானத்தில் மிதக்கும் உருண்டை இன்னொன்று. இன்னும் சிலருக்கு உள்ளே வெறுமையான உருண்டை. அதற்குள் ஒரு சமதளம். அதன்மேல் மனிதர்கள், மேலே கூரையாக வானம். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை, சோம்பேறித்தனமாக எதையோ உளறவும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் தட்டைத் தரையையும் ஆசிரியர் சொன்ன உருண்டையையும் சேர்த்துவைக்கத் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஐதராபாத்தில் அலா சமரபுங்கவன் இந்த இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்தி 1996இல் வெளிவந்த ஆய்வில் நமக்குப் பழக்கமான ஒரு நிறமும் சேர்ந்தது. அங்கே பிள்ளைகள் பலர், பூமியைக் கீழே நீர் தாங்கிக்கொண்டிருப்பதாக நினைத்தார்கள். வீட்டில் கேட்ட கதையும் வகுப்பில் கேட்ட பாடமும் பிள்ளையின் மனதில் இப்படிக் கலந்துவிடுகின்றன.

இந்த ஆய்வுகளுக்கு மறுப்பும் உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் கேவின் நோப்ஸ், ஜார்ஜியா பனாயியோடாக்கி, மைக்கேல் சீகல் முதலியோர் வேறு முறையில் சோதித்தார்கள். வரையச் சொல்லாமல், பல படங்களைக் காட்டிச் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது பிள்ளைகள் நன்றாகவே பதில் சொன்னார்கள். பிள்ளைகளிடம் இருப்பது முழுமையாகப் பின்னப்பட்ட தவறான உலகம் அல்ல, ஆங்காங்கே கேட்ட துண்டுத் தகவல்கள்தான், கேள்வியின் குழப்பமே பதிலையும் குழப்புகிறது என்பது இவர்கள் வாதம். அதே கேள்விகளைப் பெரியவர்களிடம் கேட்டபோது அவர்களில் சிலரும் அதேபோலத் தடுமாறினார்கள் என்றும் காட்டினார்கள். இந்த மறுப்பை ஏற்றுக்கொண்டாலும் நம் வாதம் பலவீனப்படுவதில்லை. பிள்ளையிடம் இருப்பது தவறான மாளிகையா, சிதறிக் கிடக்கும் செங்கற்களா என்பதில்தான் இரு தரப்புக்கும் சண்டை. எதுவாக இருந்தாலும், பாடத்தில் படித்தது கண்ணால் காண்பதோடு இணையவில்லை என்பதில் சண்டை இல்லை. இணையாமல் விட்டது வயது ஏறினால் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பவும் இடமில்லை. 1987இல் வெளிவந்த ‘எ பிரைவேட் யூனிவர்ஸ்’ என்ற ஆவணப்படத்துக்காக ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளன்று மாணவர், பேராசிரியர், பழைய மாணவர் என 23 பேரைக் கேட்டார்கள்: கோடையும் குளிரும் ஏன் வருகின்றன, நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது? 21 பேர் சரியாகச் சொல்லவில்லை. பூமி சூரியனுக்குக் கிட்டே போனால் கோடை, எட்டப் போனால் குளிர் என்பதுதான் அங்கே மீண்டும் மீண்டும் வந்த விளக்கம்.

அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று தேடினால் ஒரு வழி நம் பாடப்படத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. சூரியக் குடும்பத்தைச் சாய்வாகப் பார்ப்பதுபோல் வரைவது ஓவியர்களின் வழக்கம். அப்படி வரைந்தால் ஏறக்குறைய வட்டமான பாதை நீண்ட முட்டை வடிவமாகத் தெரியும். பெரியவர்கள் அதைச் சாய்ந்த வட்டம் என்று புரிந்துகொள்கிறோம். பிள்ளை அதை அப்படியே முட்டை என்று எடுத்துக்கொள்கிறது. முட்டை என்றால் ஒரு பக்கம் சூரியன் கிட்டே, இன்னொரு பக்கம் தூரம். ஆகவே கோடை, குளிர். தருக்கத்தில் குறையே இல்லை. உண்மையில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவாக இருக்கும்போது 14.7 கோடி கி.மீ., மிக அதிகமாக இருக்கும்போது 15.2 கோடி கி.மீ. வித்தியாசம் மூன்று சதவீதம் சொச்சம்தான். மிக நெருங்கும் நாளோ சனவரி முதல் வாரத்தில் வருகிறது. மார்கழிப் பனியில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும் நாளில்தான் பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இந்த ஒரு செய்தி போதும். தூரத்தால் கோடை வருகிறது என்ற எண்ணம் அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். இன்னொரு சிக்கல் அளவு. ஒரு பக்கத்தின் மேல் ஓரத்தில் சூரியனையும் கீழ் ஓரத்தில் பூமியையும் 25 செ.மீ. இடைவெளியில் உண்மை விகிதப்படி வைத்தால், பூமியின் குறுக்களவு 0.02 மி.மீ. ஆகிவிடும். எந்த அச்சகத்திலும் அதை அச்சிட்டுக் காட்ட முடியாது. ஆகவே படத்தில் பூமியை ஊதிப் பெரிதாக்கவும் தூரத்தைச் சுருக்கவும் வேண்டியிருக்கிறது. ஓவியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படத்தை மட்டுமே நம்பிப் பாடம் நடத்துவதைக் குறை சொல்லத்தான் வேண்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? நிழலிலிருந்து. பள்ளி நடப்பது பகலில், கோள்களை எப்படிக் காட்டுவது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. பகலில் சூரியன் இருக்கிறதே! சூரியக் குடும்பத்தின் மொத்த நிறையில் 99 சதவீதத்துக்கும் மேல் அதில்தான் இருக்கிறது. மைதானத்தில் ஒரு கோலை நேராக நட்டு, காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் ஒருமுறை, இடைவேளையில் ஒருமுறை, மதிய உணவு நேரத்தில் ஒருமுறை, வீட்டுக்குப் போகும்போது ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கல்லை வைக்கச் சொன்னால் போதும். நிழல் மேற்கிலிருந்து கிழக்குக்கு நகர்வதையும், நடுவில் சுருங்கிப் பிறகு நீள்வதையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். மிகக் குட்டையான நிழல் கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு வராது, ஆண்டின் பெரும்பகுதியில் சென்னையில் சற்றுத் தள்ளியும் கோயம்புத்தூரில் இன்னும் தள்ளியும் வரும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நல்ல புதிர். இந்தக் கற்களை மாதம் ஒருமுறை வைத்துவந்தால் ஆண்டு முழுவதற்குமான பாடம் அந்த மைதானத்திலேயே எழுதப்பட்டுவிடும். சூரியன் கிழக்கில் உதிக்கும் என்று நாம் சொல்லித் தருகிறோம். மிகச் சரியான கிழக்கில் அது உதிப்பது மார்ச் 20, 21 வாக்கிலும் செப்டம்பர் 22, 23 வாக்கிலும் மட்டுமே. திசம்பரில் தென்கிழக்கே ஒதுங்கியும் சூனில் வடகிழக்கே ஒதுங்கியும் உதிக்கிறது. இரண்டுக்கும் இடையே அடிவானத்தில் சுமார் 48 பாகை தூரம்; கையை நீட்டி விரித்துப் பிடித்தால் இரண்டு சாணுக்கு மேல். ஒரே மொட்டை மாடியில் நின்று, எந்தத் தென்னைக்கு நேராக, எந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு நேராகச் சூரியன் வருகிறது என்று குறித்துவைக்கும் பிள்ளைக்கு உத்தராயணம் என்பது காலண்டரில் அச்சிட்ட சொல்லாக மட்டும் இருக்காது.

நம் மண்ணில் வாழும் பிள்ளைகளுக்கு ஒரு தனிப் பேறும் உண்டு. தமிழ்நாடும் இலங்கையும் பூமத்தியரேகைக்கும் கடகரேகைக்கும் இடையே இருப்பதால் ஆண்டில் இரண்டு நாட்கள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்ட கோலுக்கு நிழலே விழுவதில்லை. தமிழ்நாட்டில் ஏப்ரல் 10 வாக்கில் கன்னியாகுமரியில் தொடங்கும் இந்த நிழலில்லா நாள், வடக்கே நகர்ந்து 24, 25 வாக்கில் சென்னைக்கு வருகிறது. ஆகஸ்டில் திரும்பும் வழியில் 18 வாக்கில் சென்னையைக் கடந்து செப்டம்பர் தொடக்கத்தில் மீண்டும் கன்னியாகுமரிக்குப் போய்ச் சேர்கிறது. ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும் குறுக்கிட்டாலும் ஆகஸ்டில் பள்ளி திறந்திருக்கும். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் சென்னையில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழுகிறது. லண்டனிலோ நியூயார்க்கிலோ எழுதப்பட்ட சிறுவர் புத்தகங்களில் இது இருக்காது; அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கேதான். அந்தப் புத்தகங்களை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுக்கும்போது, இலையுதிரும் காலத்தையும் பனிக்காலத்தையும் மனப்பாடம் செய்யும் பிள்ளை, தன் காலடியில் நிழல் திசை மாறுவதைப் பார்க்காமலே வளர்கிறது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. அண்ணன், அக்கா வயதுப் பிள்ளைகள் இதை இன்னும் கொஞ்சம் கொண்டுபோகலாம். சென்னையில் ஒரு பள்ளியும் நாகர்கோவிலில் ஒரு பள்ளியும் ஒரே நாளில் தத்தம் ஊரின் மிகக் குட்டையான நிழலை அளந்து கோணத்தைக் கணக்கிட்டால் வித்தியாசம் ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவாக வரும். இரண்டு ஊர்களுக்கும் வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 545 கி.மீ. இதே விகிதத்தில் 360 பாகைக்குக் கணக்கிட்டால் பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ.க்குக் கிட்டே வந்து நிற்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரடோஸ்தனீஸ் செய்தது இதே கணக்குதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். சூரியன் நகர்கிறது, உதிக்கிறது, மறைகிறது என்று தொடங்கினால் பிள்ளைக்குப் பொய்யை அல்லவா ஊட்டுகிறோம்? சுற்றுவது பூமி என்ற உண்மையை முதல் நாளே சொல்லிவிடலாமே? சொல்லலாம், ஆனால் சொல்வதால் மட்டும் அது உண்மையாக உள்ளே போகாது. சூரியன் வானில் கிழக்கிலிருந்து மேற்கே போவதைக் காண்பது பொய் அல்ல, அது உற்றுநோக்கல். அதற்கு விளக்கம் என்ன என்பது அடுத்த படி. 499இல் ஆரியபடர் தம் நூலில் பூமிதான் சுழல்கிறது என்று எழுதியபோது, ஓடும் படகில் இருப்பவருக்குக் கரை பின்னோக்கிப் போவதுபோல் தெரிவதைத்தான் எடுத்துக்காட்டினார். அவரும் காண்பதிலிருந்துதான் விளக்கத்துக்குப் போனார். பிள்ளைக்கும் அந்தப் படகு உண்டு. அறையின் நடுவே ஒரு விளக்கை வைத்து, பிள்ளையை நின்ற இடத்திலேயே இடப்பக்கமாக மெல்லச் சுழலச் சொன்னால், விளக்கு அதன் இடப்பக்கத்தில் தோன்றி முகத்துக்கு நேராக வந்து வலப்பக்கத்தில் மறைவதை அது தன் கண்ணாலேயே காணும். மூக்குதான் சென்னை, பின்னந்தலை அமெரிக்கா என்று வைத்துக்கொள்ளலாம். மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் ஷாமின் படல்கரும் ஜெயஸ்ரீ ராமதாஸும் வானியல் கற்பிக்க இத்தகைய உடலசைவுகளையும் பிள்ளைகள் தாமே வரையும் படங்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பூமியில் நிற்பவரின் பார்வையையும் வெளியிலிருந்து பார்ப்பவரின் பார்வையையும் மாற்றி மாற்றி எடுக்கப் பழகுவதுதான் இதில் கடினமான படி. உடம்பு அதற்குக் கைகொடுக்கிறது. இன்றைய தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு சான்றும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து அம்மம்மா இரவு ஒன்பது மணிக்கு டொரண்டோவிலிருக்கும் பேரனோடு வீடியோவில் பேசும்போது அவன் சன்னலில் வெயில் அடிக்கிறது. சிட்னியில் இருக்கும் பேத்திக்கோ அது நடுநிசி தாண்டிய நேரம். பூமி தட்டையாக இருந்தால் இப்படி நடக்குமா என்று அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

நிலவுக்கும் இதே வழிதான். தேய்பிறையும் வளர்பிறையும் பூமியின் நிழலால் உண்டாகின்றன என்று நம்பும் பெரியவர்கள் ஏராளம். அதைத் தகர்க்க ஒரு எலுமிச்சம்பழம் போதும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் திதி அச்சிட்டிருக்கும். வளர்பிறை அஷ்டமியன்று மாலை நான்கு மணிக்குப் பிள்ளையை வெளியே அழைத்து வந்தால், மேற்கே சூரியனும் கிழக்கு வானில் பாதி நிலவும் ஒருசேரத் தெரியும். பகலில் நிலவு வரும் என்பதே பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. எலுமிச்சம்பழத்தை வெயில் படும்படி நிலவுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். பழத்தில் வெளிச்சம் விழும் பாதியும் நிலவின் பாதியும் அச்சு அசலாக ஒரே வடிவில் இருக்கும். சூரியன் அதோ அங்கே இருக்கிறது, பூமியின் நிழல் சூரியனுக்கு எதிர்த்திசையில் அல்லவா விழ வேண்டும், அது நிலவின்மேல் எப்படி விழும் என்று பிள்ளையே கேட்டுவிடும். நாலு நாள் கழித்து அதே நேரத்தில் நிலவு எங்கே என்று தேடினால் இன்னும் கீழே, அடிவானத்தை ஒட்டி இருக்கும் அல்லது அப்போதுதான் உதிக்கப் போகும், வடிவமும் பருத்திருக்கும். வடிவமும் இடமும் சேர்ந்தே மாறுகின்றன என்பதைக் கவனித்த பிள்ளைக்கு நிலவு பூமியைச் சுற்றுகிறது என்ற வாக்கியத்துக்குப் பொருள் கிடைத்துவிடுகிறது.

கோள்களுக்கு வருவோம். இங்கே ஒரு நெருடலைப் பலரும் சொல்வார்கள். பள்ளியில் எட்டுக் கோள்கள், கோயிலில் நவக்கிரகங்கள். அங்கே சூரியனும் சந்திரனும் கிரகங்கள், ராகுவும் கேதுவும் கிரகங்கள். பூமி அந்த வரிசையிலேயே இல்லை. பிள்ளை குழம்பாதா? மறைத்தால்தான் குழம்பும். பூமியில் நின்று பார்ப்பவருக்கு நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் மாறிக்கொண்டே இருப்பவை சூரியன், சந்திரன், கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்கள் ஆகிய ஏழும்தான். ராகுவும் கேதுவும் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். கிரகணம் அந்தப் புள்ளிகளுக்கு அருகில்தான் நடக்கும். நிற்கும் தரையான பூமியை வானில் பார்க்க முடியாது, ஆகவே அது பட்டியலில் இல்லை. அந்த எண்ணிக்கை எங்கே நின்று எண்ணப்பட்டது என்று சொல்லிவிட்டால் பிள்ளைக்கு இரண்டு பட்டியலும் புரியும். சோதிடப் பலன்களை நம்பச் சொல்லத் தேவையில்லை. நான் நம்பச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அதற்குள் இருக்கும் வானியலைப் பயன்படுத்தாமல் விடுவது வீண். ஆண்டுதோறும் குருப்பெயர்ச்சி வருகிறதே, அது வியாழன் பன்னிரண்டு ராசிகளில் ஒன்றைக் கடந்து அடுத்ததற்குப் போவது. அப்படியானால் சூரியனைச் சுற்றிவர வியாழனுக்கு எத்தனை ஆண்டு? வியாழனின் சுற்றையொட்டி வரும் மகாமகம் கும்பகோணத்தில் 2016இல் நடந்தது, அடுத்தது 2028இல். இடையில் பன்னிரண்டு ஆண்டு. வியாழன் ஒரு சுற்று முடிக்க எடுத்துக்கொள்ளும் காலம் 11.86 ஆண்டு. சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை ஆண்டு தங்குகிறது; முழுச் சுற்றுக்கு 29 ஆண்டுக்கு மேல். இந்த எண்களைப் பிள்ளை வீட்டுப் பேச்சிலேயே கேட்டிருக்கிறது. பஞ்சாங்கம் வியாழன் எந்த ராசியில் இருக்கிறது என்று சொல்லும். இரவில் அந்தத் திசையில் பார்த்தால் சிமிட்டாமல் ஒளிரும் அதை நகரத்து வெளிச்சத்துக்கு நடுவிலும் கண்டுகொள்ளலாம். சென்னையின் நடுவில் குடியிருந்தாலும் வெள்ளியும் வியாழனும் தப்பாமல் கண்ணில் படும்.

பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு நான் எதிரி அல்ல. சின்ன வயதில் நினைவாற்றல் கூர்மையாக இருக்கும்போது பாட்டாகவோ விளையாட்டாகவோ எட்டுப் பெயரையும் கற்றுக்கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பட்டியலே பாடம் என்று நினைப்பதில்தான் சண்டை. ஒன்பது கோள்கள் என்று படித்த ஒரு தலைமுறைக்கு 2006 ஆகஸ்டில் புளூட்டோ குள்ளக் கோளாக மாற்றப்பட்டபோது ஏற்பட்ட கலக்கத்தை நினைத்துப் பாருங்கள். எண்ணிக்கையைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்களுக்கு அது இழப்பு. எதை வைத்துக் கோள் என்று முடிவு செய்கிறார்கள் என்று கேட்கப் பழகியவர்களுக்கு அது செய்தி.

படத்தில் காட்ட முடியாத தூரத்தை மைதானத்தில் நடந்து காட்டலாம். ஒரு லட்சம் கி.மீ. என்பதை ஒரு செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 14 செ.மீ. அகலப் பந்து ஒன்று சூரியன். அதிலிருந்து 15 மீட்டர் தள்ளி ஒரு கடுகு, அதுதான் பூமி. கடுகிலிருந்து நாலு செ.மீ.கூட இல்லாத தூரத்தில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும் ரவைத்துகளின் அளவில் நிலவு. மனிதர் இதுவரை நேரில் போய்வந்த தூரமெல்லாம் ஏறக்குறைய இந்த நாலு செ.மீ.க்குள் அடங்கும். வியாழன் ஒரு கோலிக்குண்டு. அதற்கு 78 மீட்டர் நடக்க வேண்டும். சனிக்கு 143 மீட்டர். பாசிப்பயறு அளவுள்ள நெப்டியூனை வைக்க 450 மீட்டர், அதாவது பள்ளிச் சுவரைத் தாண்டி, தெருமுனையையும் தாண்டி. அடுத்த நட்சத்திரம் எங்கே என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். இதே கணக்கில் 4,000 கி.மீ. தள்ளி, கன்னியாகுமரியிலிருந்து புறப்பட்டால் காஷ்மீரைத் தாண்டியும் முடியாது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சூரிய ஆய்வுக்கலமான ஆதித்யா எல்-1 புறப்பட்டபோது, சூரியனுக்கே போகிறது என்று பல பிள்ளைகளின் மனதில் பதிந்திருக்கும். அது போய் நிற்கும் இடம் 15 லட்சம் கி.மீ. தூரத்தில். மைதானத்தில் அது கடுகிலிருந்து 15 செ.மீ.; சூரியனுக்கு இன்னும் 14 மீட்டருக்கு மேல் பாக்கி. அந்த ஒரு சாண் தூரத்துக்கு எத்தனை பேர் எத்தனை ஆண்டு உழைத்தார்கள் என்பதைப் பிள்ளை அப்போதுதான் சரியாக மதிக்கும். சாதனையைச் சிறிதாக்குவதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. உண்மையான அளவு தெரிந்தால்தான் சாதனையும் பெரிதாகத் தெரிகிறது.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே, ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வெயிலில் நிறுத்த முடியுமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒரு நாளில் முடிக்க வேண்டிய பாடமாக நினைத்தால் முடியாதுதான். நிழலின் நுனியில் கல் வைக்க இரண்டு நிமிடம் போதும். அதை ஆண்டு முழுக்கப் பரப்பிவிடலாம். நிழல் பாடத்தைக் கணக்கு ஆசிரியர் அளவுகளுக்குப் பயன்படுத்தலாம், மொழி ஆசிரியர் பார்த்ததை எழுதச் சொல்லலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் தவறக்கூடாது: சூரியனை ஒருபோதும் நேராகப் பார்க்கக் கூடாது; வெறும் குளிர்கண்ணாடியோ எக்ஸ்ரே தாளோ காப்பாற்றாது. பார்க்காமலே பார்க்க வழி இருக்கிறது. புங்க மரத்தடியில் தரையில் விழும் வட்ட வட்டமான வெளிச்சப் பொட்டுகள் ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். இலைகளுக்கு நடுவிலுள்ள சிறு இடைவெளிகளே ஊசித்துளைகளாக வேலை செய்கின்றன. இடைவெளி எந்த வடிவில் இருந்தாலும் பொட்டு வட்டமாகவே விழுவது ஏன் என்று கேட்டால் பிள்ளைகள் ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியின்மேல் ஒரு செ.மீ. துளையுள்ள காகிதத்தை ஒட்டி, வெயிலை இருட்டு அறையின் சுவருக்குத் திருப்பினால் 20 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 19 செ.மீ. அகலச் சூரியன் சுவரில் விழும். மேகம் அதன் குறுக்கே போவது தெரியும். பிம்பம் மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதும் தெரியும். கொடைக்கானல் மலையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துப் பதிவு செய்துவரும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே போகும் பள்ளிச் சுற்றுலாக்களில் படகுத்துறைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கலாம்.

கிரகணத்தன்று பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்துவைக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2019 திசம்பர் 26 அன்று நீலகிரி, கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக வளைய சூரிய கிரகணம் கடந்துபோனது. மரத்தடிப் பொட்டுகள் எல்லாம் அன்று வளையங்களாக மாறின. அதைப் பார்த்த பிள்ளைகளும் உண்டு, கதவைச் சாத்திக்கொண்டு தவறவிட்ட பிள்ளைகளும் உண்டு. அடுத்த வாய்ப்பு 2031 மே 21. தென் கேரளம், மதுரை வட்டாரம், இலங்கையின் வட முனை வழியாக இன்னொரு வளைய கிரகணம் வருகிறது. நண்பகலை ஒட்டி, சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும் நேரம். அதனால் ஊசித்துளை பிம்பங்கள் தரையில் நீண்டு கோணாமல் நேராகவே விழும். ஆனால் மே மாதம் கோடை விடுமுறை, பள்ளிகள் பூட்டியிருக்கும். ஆகவே இதைப் பள்ளியிடம் மட்டும் விட்டுவிட முடியாது. ஊர் நூலகங்களும் அறிவியல் இயக்கங்களும் பெற்றோரும்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்: முறையாகச் சோதிக்கப்பட்ட சூரியக் கண்ணாடிகளை முன்கூட்டியே வாங்கிவைப்பது, அட்டையில் துளையிட்டுப் பழகுவது, அன்று மதியம் ஒரு மணி வாக்கில் பிள்ளைகளை எந்த மரத்தடிக்கு அழைத்துப் போகலாம் என்று அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்திலேயே பார்த்துவைப்பது.